செம்பியன் தொடாத லேப்டாப்

1

இந்தக் கதை பிறந்தது என் மேசைமேல். அணைத்து வைத்த லேப்டாப் தானாக எழுந்துகொண்டது. வீட்டில் நான் தனி ஆள், சந்தேகப்பட யாருமில்லை. பழி விழாத கோளாறு கதையாகாது. ஆகவே அதைச் சிதம்பரத்தில் சுவேதாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் கடலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் அவளும் கணவனும் கிளம்பினால், பகலில் வீட்டில் இருப்பது கணவனின் தம்பி செம்பியன் மட்டும். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். ஆண்டு 2012, மின்வெட்டுக் கோடை.

2

அன்று மாலை லேப்டாப் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டி...

(வேண்டாம். கண் சிமிட்டினால் பேய் வரும் என்று காத்திருப்பீர்கள். இதில் பேய் கிடையாது.)

லேப்டாப்பை அணைத்து, மூடி, சார்ஜரில் செருகிவிட்டுத்தான் சுவேதா வேலைக்குப் போவாள். திரும்பி வந்தால் பேட்டரி காலி. கரண்ட்டு போன மாலைகளில் கேள்வித்தாள் அடிக்க அவளுக்கு இருந்தது அந்த பேட்டரி ஒன்றுதான். சில நாள் மூடியபடியே ஓடிக்கொண்டிருக்கும். அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

"செம்பியா, படம் பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"அப்ப அதுவா எழுந்து அதுவா பாத்துச்சா?"

"பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது."

"பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற புள்ள. அதக் கண்டுபுடிக்கவா கஷ்டம்?"

அடுத்த முறை கேட்டபோது அவன் சட்டைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்தான். "கடலூர்ல ஃபிரண்டு ரூம் இருக்கு. ஞாயித்துக்கெழம போறேன்."

3

முதல் பிரதியில் செம்பியன்தான் தொட்டிருந்தான். கதை ஒரே பக்கத்தில் முடிந்தது. ஆனால் அவன் சட்டை மடித்த விதம் எனக்கு உறுத்தியது. கை விளிம்பைக் கை விளிம்போடு சேர்த்து, தடவி... பொய் சொன்னவன் அவ்வளவு நிதானமாக மடிப்பானா? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, லேப்டாப்பைக் கொளஞ்சியின் சர்வீஸ் கடைக்கு அனுப்பினேன்.

"ரெண்டு நாளா சார்ஜர்லயே போட்டு வச்சிருந்தேன் டீச்சர்," என்றான் கொளஞ்சி. "அணைச்சது அணைச்சபடியே கெடந்துச்சு. வீட்லதான் யாரோ நோண்டுறாங்க."

சுவேதாவும் அதை நம்பியிருப்பாள். ஆனால் தெரு முழுக்கக் கரண்ட்டு இல்லாத நேரம் அது. அவள் தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எப்படி ஓடுது?"

"இன்வெர்ட்டர் டீச்சர். நம்ம கடைல கரண்ட்டு போறதே தெரியாது."

(இங்கே நிறுத்தி விளக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடையில் கரண்ட்டு போவதே இல்லை. ஆகவே திரும்பி வருவதும் இல்லை. வீட்டில் ஒரு பகலுக்குள் பல முறை போய் வரும். அந்தக் கோடையில் நாம் யாரும் எந்த சுவிட்சையும் அணைக்கவில்லை. எப்போது வந்தாலும் சார்ஜ் ஏறட்டும் என்று போட்டபடியே விட்டுவிட்டுப் போனோம்.)

4

வீட்டுக்கு வந்து கரண்ட்டுக்காகக் காத்திருந்தாள். வந்தது. லேப்டாப்பை அணைத்தாள், சார்ஜரைச் செருகினாள், சுவரில் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள்.

லேப்டாப் எழுந்தது.

"நான் இங்கதான் நிக்கிறேன் அண்ணி," என்றான் செம்பியன். "நல்லாப் பாத்துக்கங்க."

சுவேதா அவன் முகத்தைப் பார்த்தாள், அதில்...

(இல்லை. அவள் சுவிட்சைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.)

குறிப்பு: அது சேத்தியாத்தோப்பில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் வாங்கிய பழைய லேப்டாப். கரண்ட்டு வந்ததும் தானே எழும்படி, எழுந்தபின் தூங்காதபடி முதலாளி அமைத்து வைத்திருந்தார். அங்கே அது வசதி. இங்கே, கரண்ட்டு வந்ததும் எழும். போனதும் பேட்டரியைத் தின்று தீர்க்கும்.

5

முதல் முடிவில் சுவேதா மன்னிப்புக் கேட்டாள். கோடு போட்டு அடித்துவிட்டேன், அந்த வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. இரண்டாவதில் செம்பியன் பஸ் ஏறினான். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது இது:

"நீயே மாத்திடு," என்று லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினாள். "அப்புறம் பாஸ்வேர்டு சொல்றேன், ஞாபகம் வச்சிக்க."

"எதுக்கு?"

"படம் பாக்கத்தான்."

அவன் பையைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதன் ஜிப்பை இழுப்பதோ சட்டைகளை வெளியே எடுப்பதோ உங்கள் கையில். லேப்டாப்பின் முடிவை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். செம்பியன் அதை அணைத்துவிட்டு மறுபடி போடும்போதே எஃப் 2 விசையைத் தட்டினான். அமைப்புகளை மாற்றும் நீலத்திரை வந்தது; அதில், சார்ஜருக்குக் கரண்ட்டு வந்ததும் எழு என்று சொல்லும் வரியைத் தேடி அணைத்தான். எஃப் 10 அழுத்திச் சேமித்தான். இனி யாராவது பொத்தானை அழுத்தினால்தான் அது எழும்.