அயர்லாந்தில் ஒரு சாவுச் சாப்பாடு

எலிசாவைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஏசுரத்தினமும் தபீதாளும் அயர்லாந்துக்கு விமானம் ஏறினார்கள். எலிசாவுக்கு மட்டும் அது தெரியாது. கோடைக்காலம் முழுக்க வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று அவள்தான் டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

ஏசுரத்தினம் சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எலிசா ஒரே மகள். நர்சிங் படித்து முடித்துச் சித்தூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டாயிரத்து ஒன்றில் அயர்லாந்திலிருந்து ஆள் எடுக்க வந்தவர்களைச் சென்னையில் போய்ப் பார்த்தாள். அடுத்த மாதமே கிளம்பிவிட்டாள். அந்த வருஷங்களில் அவர்களுடைய சபையில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருக்குப் பிரயாண ஜெபம் நடந்துகொண்டிருந்தது. துபாய்க்கு ஒருத்தர், லண்டனுக்கு ஒருத்தர், பெங்களூர் கம்பெனிக்கு ஒருத்தர். ஊரே கிளம்பினாலும் ஏசுரத்தினத்துக்குத் தன் மகள் கிளம்பியது மட்டும் ஆறவில்லை. போனில் அவள் நல்லா இருக்கேன் நைனா என்று சொல்லும்போதெல்லாம் பொய் சொல்கிறாள் என்றே அவருக்குப் பட்டது. சின்ன வயதிலிருந்தே வாய் திறந்து பேசாத பெண். முன்பின் தெரியாதவர்கள் நடுவில், மழையிலும் குளிரிலும், தனியாக எப்படி இருப்பாள்?

அதனால் திருப்பதியில் கிருபாகரன் என்கிற மாஸ்டரோடு பேசி, அவர் மகன் ஸ்டீவனுக்கு எலிசாவை முடிப்பதென்று பெரியவர்கள் மட்டத்தில் முடிவு செய்து வைத்திருந்தார். மகளை நேரில் பார்த்துச் சொல்லி, வேலையை விடவைத்து, கையோடு கூட்டிவந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

டப்ளின் விமான நிலையத்திலேயே முதல் கோளாறு. கவுண்டரில் இருந்த அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தமிழ் பேசுகிறவனிடம் தமிழ், மற்ற எல்லாரிடமும் தெலுங்கு என்பது பஸ்ஸில் முப்பது வருஷம் ஊறிப்போன பழக்கம். ஏசுரத்தினம் நெஞ்சை நிமிர்த்தி, "மா அம்மாயி இக்கட நர்சு சார். சூசி வெள்ளிபோத்தாம்" என்றார். எங்கள் பெண் இங்கே நர்ஸ், பார்த்துவிட்டுப் போய்விடுவோம் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார், தெலுங்கில் சொன்னார். அதிகாரி விழித்தார். தபீதாள் கைப்பையிலிருந்து எலிசா நர்ஸ் உடையில் நிற்கிற படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினாள். அதிகாரி படத்தையும் தபீதாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வெளியே வந்ததும், நீங்கள் தெலுங்கில் பேசினீர்கள் என்று தபீதாள் சொன்னாள். ஏசுரத்தினம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எலிசா இருந்தது டப்ளினிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு சிறிய ஊர். ஒரு கடைத்தெரு, ஓர் ஆஸ்பத்திரி, ஒரு பெரிய கோயில். அவள் டூட்டிக்குப் போய்விட்டால் இருவரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழை பார்ப்பார்கள். ஒரு நாள் உள்ளூர் பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவரே டிக்கெட்டும் கொடுத்ததைக் கண்டு ஏசுரத்தினத்துக்கு மனசு கெட்டுவிட்டது. ஓட்டுகிறவன் ஓட்டவேண்டாமா, சில்லறையும் அவனே பொறுக்குவானா என்று இறங்கும்வரை தபீதாளிடம் வாதாடிக்கொண்டே வந்தார்.

கடைக்குப் போனால் பேசுவதற்கென்று எலிசா மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாள். பொருள் கொடுத்தால் 'தேங்க் யூ'. மேலே இடித்துவிட்டால் 'சாரி'. யாராவது கை கொடுத்தால் 'நைஸ் டு மீட் யூ'. மூன்றையும் அவர் நன்றாகவே பழகிவிட்டார்.

திட்டம் மட்டும் நகரவில்லை. இன்றைக்குக் கேளுங்கள் என்று தபீதாள் தினமும் இடிப்பாள். மகள் வந்து உட்கார்ந்து அன்றைய களைப்போடு சிரிப்பாள். ஏசுரத்தினம் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் காலை அபூர்வமாக வெயில் அடித்தது. எலிசா டூட்டிக்குப் போயிருந்தாள். இருவரும் நடந்து கடைத்தெருவுக்கு வந்தபோது கோயில் வாசலில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. உள்ளே பாட்டுச் சத்தம். வார நாளிலும் ஆராதனை நடத்துகிறார்களே என்று இருவருக்கும் சந்தோஷம். உள்ளே போய்க் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஒரு குடும்பம் வந்து இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. அது கத்தோலிக்கர் கோயில். எல்லாரும் முழங்கால் போட்டபின் இவர்கள் போட்டார்கள். இவர்கள் போட்டபோது அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தபீதாள் முழங்கையால் இடித்தாள்.

"என்னாங்க, முன்னால பெட்டி வெச்சிருக்காங்க."

"காணிக்கைப் பெட்டியா?"

"சாவுப் பெட்டிங்க."

ஏசுரத்தினம் எட்டிப் பார்த்தார். பூ வைத்த நீளப் பெட்டி. எழுந்து போகலாமென்றால் இரண்டு பக்கமும் ஆள். அதுவுமில்லாமல், சாவுக்கு வந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று தபீதாள் கேட்டாள். ஆராதனை முடிந்து சனம் வரிசையாக முன்னால் போய் இறந்தவர் வீட்டாருக்குக் கை கொடுத்தது. இவர்களும் வரிசையில் நின்றார்கள். முன்னால் போகிற ஒவ்வொருவரும் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்கள். ஏசுரத்தினம் காதைத் தீட்டிக்கொண்டும் ஒன்றும் பிடிபடவில்லை. இறந்தவரின் மனைவி, வெள்ளைத் தலையோடு கறுப்பு உடுத்தின அம்மா, அவர் கையைப் பற்றினாள். கை கொடுத்தால் என்ன சொல்லவேண்டுமோ அது தானாக வந்துவிட்டது.

"நைஸ் டு மீட் யூ."

பக்கத்தில் நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தபீதாளுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தபீதாளை ஏறிட்டுப் பார்த்தவள், இன்னும் உற்றுப் பார்த்தாள்.

"எலிசா?" என்றாள்.

"மை டாட்டர்" என்றாள் தபீதாள்.

அந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். நிறையப் பேசினாள். அதில் எலிசா, எலிசா என்பது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற மகன், டெக்லன் என்று பேர் சொன்னவன், காரைக் காட்டி ஏதோ கேட்டான். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறான் என்று ஏசுரத்தினம் புரிந்துகொண்டு தேங்க் யூ சொன்னார்.

கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஊரைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துப் பாதையில் வரிசையோடு போனது. பதறிப்போன ஏசுரத்தினம் முன் சீட்டைத் தட்டி, "இல்லு, இல்லு" என்றார். தெலுங்கில் வீடு. டெக்லன் கண்ணாடியில் அவரைப் பார்த்துத் துக்கமாகத் தலையை ஆட்டினான்.

"எஸ். வெரி இல்" என்றான்.

இங்கிலீஷில் 'இல்' என்றால் நோவு என்று பிறகு எலிசா விளக்கிச் சொல்லும்வரை, இந்த வெள்ளைக்காரனுக்குத் தெலுங்கு தெரிந்திருக்கிறது, தெரிந்தும் வீட்டுக்குக் கொண்டுபோய் விடமாட்டேன் என்கிறான் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். சூப், ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, கறி என்று கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. இவர்களை வீட்டாரோடு முன் மேசையில் உட்காரவைத்தார்கள். சாப்பிடலாமா கூடாதா என்று தபீதாள் தயங்கிக்கொண்டிருக்க, ஏசுரத்தினம் காலையிலிருந்து நடந்த பசிக்கு இரண்டாம் தட்டு வாங்கிவிட்டார். யார் யாரோ மேசைக்கு வந்து, எலிசா என்று சொல்லி, கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் அவர் தேங்க் யூ மட்டும் சொன்னார். மற்ற இரண்டையும் தொடவில்லை.

வீட்டுக்கு மதியம் போன் போட்ட எலிசா, யாரும் எடுக்காததால் நடுங்கிப்போயிருந்தாள். கூட வேலை செய்கிறவளைத் தெருத்தெருவாகத் தேட அனுப்பியிருந்தாள். அந்த நேரத்தில் டெக்லன் வார்டுக்குப் போன் செய்து, உன்னால் வரமுடியாவிட்டாலும் உன் அப்பா அம்மாவை அனுப்பினாயே என்று நன்றி சொன்னான். எலிசா யூனிபாரத்தோடு ஓட்டலுக்கு ஓடிவந்தாள்.

"நைனா, ஊரெல்லாம் தேடிக்கினு இருக்கேன். நீங்க இங்க ஒக்காந்து துன்னுக்கினு இருக்கீங்களா?"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்துவிட்டாள்.

அதற்குள் யாரோ அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். பரிமாறுகிற பெண் எப்படி வேண்டும் என்று கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தாள். பால் நிறையவிட்டு, எலிசாவுக்குப் பிடித்த நிறத்தில் இருந்தது. பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டிருந்தார். எலிசா அங்கிருந்தபடியே குரலை உயர்த்தி அவரை அதட்டினாள். கிழவர் திருடன் மாதிரி உப்புக் குப்பியைக் கீழே வைத்தார். மேசையே சிரித்தது. வாய் திறக்காத தன் பெண்ணா இது என்று ஏசுரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில், இறந்தவருக்கு என்ன நோவு என்று கேட்டார். டெர்மட் என்று பேர், நுரையீரல் கெட்டுப்போய் மாதக்கணக்கில் வார்டில் கிடந்தார் என்று எலிசா சொன்னாள். கண் மங்கியதால் குதிரைப் பந்தயச் செய்தியை அவள்தான் தினமும் படித்துக்காட்டுவாளாம். குதிரைகளின் பேரை அவள் சொல்கிற விதத்துக்கு வார்டே கூடிவிடுமாம்.

தபீதாள் கணவரைப் பார்த்தாள். அவர் இந்தத் தடவை சீதோஷ்ணத்துக்குப் போகவில்லை.

"இங்கயே இருக்கியாம்மா, வந்துடறியா?"

"இருக்கேன் நைனா."

"சரி" என்றார். உள்ளே எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் மழைகூட அவருக்கு உறுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் பாக்கியிருந்தது திருப்பதிதான். வாக்குக் கொடுத்துவிட்டு மாற்றிப் பேசவேண்டும். பஸ் சந்திரகிரி தாண்டும்வரை என்னென்ன சொல்வதென்று தபீதாளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கிருபாகரன் மாஸ்டர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஏசுரத்தினம் தொண்டையைச் செருமினார். மாஸ்டரும் அதே நேரத்தில் செருமினார். நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று இருவரும் உபசரித்துக்கொண்டார்கள். கடைசியில் எலிசா வேலையை விடப்போவதில்லை என்று ஏசுரத்தினம் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

மாஸ்டர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்டீவன் பெங்களூர் கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்ணை விரும்பி, போன மாதமே வீட்டில் சொல்லிவிட்டானாம். வெளிநாட்டிலிருந்து வருகிற உங்கள் முகத்தில் எப்படி விழிப்பதென்று தூக்கமில்லை என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து ஸ்தோத்திரம் என்றாள். யாருக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் அங்கேயே கோழிக்குழம்போடு சாப்பாடு. இரண்டு அப்பாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருவரையொருவர் வற்புறுத்திச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஏசுரத்தினம் ஏறின உடனே தூங்கிவிட்டார். சித்தூர் வந்ததும் தபீதாள் தோளைத் தட்டி எழுப்பினாள்.