ரொட்டி அடுப்பின் கூரை

தச்சர் தன் அக்காவின் ரொட்டி அடுப்புக்குக் கூரை போட்டு முடித்த பதினோராம் நாளிலிருந்து அந்த அடுப்புக்கு விறகு தேவைப்படவில்லை. முந்தின நாளே சாம்பலை வழித்தெடுத்து ஆறப் போட்டிருந்த அடுப்பின் மூடியைக் காலையில் தள்ளியபோது முகத்தில் அனல் அடித்தது. அக்கா ஒரு பிடி மாவை உள்ளே தூவி, அது சிவக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தாள். ரொட்டிக்குச் சரியான பதம். வந்த சூட்டை வீணாக்குவானேன் என்று அன்றைக்கு வேண்டிய ரொட்டி முழுவதையும் அதிலேயே சுட்டெடுத்தாள். விறகுக்காரரிடம் முதலில் வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்றாள். அடுத்த வாரம், வரவே வேண்டாம் என்றாள்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் அந்த அடுப்பு வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் கிடந்தது. மழைக்கு வெடிப்பதும், அக்கா மண் குழைத்துப் பூசுவதும், மறுபடி வெடிப்பதுமாக இருந்தது. தூறல் விழுந்தால் அத்தான் குடையோடு ஓடி வந்து நிற்பார். கட்டின பெண்டாட்டிக்கு ஒருநாள் குடை பிடித்ததில்லை, அடுப்புக்குப் பிடிக்கிறார் என்று தெருவே சிரித்தது. ஊரில் பாதிக் கதவுகளைச் செய்த தச்சருக்குச் சொந்த அக்காவின் வேலைக்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை. கடைசியில் பழைய ஐஸ் கம்பெனியை இடித்து மரத்தை விற்றபோதுதான் அவர் மனசு அசைந்தது. நாற்பது வருஷம் ஐஸ் பாளங்களின் தலைக்கு மேல் நின்ற மரம். ஒரு பூச்சி தொட்டதில்லை. நான்கு தூண்களைக் கல்மேல் நிறுத்தி, உத்திரம் ஏற்றி, காற்றுக்கு ஆடாமல் மூலைக்கு மூலை சாய்வாக முட்டுச் சட்டம் கொடுத்து, கைமரம் அடுக்கி ஓடு வேய்ந்தார். அனலில் இரும்பு நெகிழ்ந்துவிடும் என்று எல்லா மூட்டுக்கும் மர ஆணியே அடித்தார். இழைக்கும்போது உச்சி வெயிலிலும் சீவல் சுருள்கள் விரலில் சில்லென்று விழுந்தன. நல்ல மரம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் முதலில் பால்தான் காட்டிக்கொடுத்தது. கொதிக்கக் கொதிக்க இறக்கினாலும் தம்ளரில் ஊற்றுவதற்குள் ஆறிப்போனது. பிறகு ஜன்னல் வழியே விழுந்த வெயில், தரையில் வெளிச்சமாக மட்டும் கிடந்தது. மூன்றாம் மாதம் அத்தான் டாக்டரிடம் போனார். தெர்மாமீட்டரில் பாதரசம் மேலே ஏறவில்லை. இரண்டு தெர்மாமீட்டர் மாற்றிப் பார்த்துவிட்டு, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், நன்றாகச் சாப்பிடட்டும் என்று எழுதி அனுப்பினார் டாக்டர். அத்தான் வழக்கம்போல சைக்கிளில் ரொட்டி போட்டு வந்தார். ரொட்டி சுடுகிறது, கொடுக்கிற கைதான் கல் மாதிரி இருக்கிறது என்று வாங்கினவர்கள் சொன்னார்கள். அதற்காக யாரும் வாங்காமல் இல்லை.

பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா மகளுக்கு அப்போது எட்டு மாதம். வயிற்றில் பிள்ளை இரண்டு நாளாகச் சரியாக அசையவில்லை என்று அவள் சொன்னது காதில் விழுந்ததும், தச்சர் கொட்டாப்புளிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“பிரிச்சிடலாம்க்கா. நான் போட்டது, நானே பிரிக்கிறேன்.”

“ஒம்பது வருஷம் கேட்டு வாங்கின கூரைடா,” என்றாள் அக்கா, மாவைப் பிசைந்தபடியே.

“வீட்டுல இருக்கிற சூட்டையெல்லாம் அதுதான் குடிக்குது. உனக்குத் தெரியலையா?”

அக்காவின் கை நின்றது. “தெரியும். அத்தான் கையைத் தொட்ட அன்னிக்கே தெரியும்.”

தச்சர் கூரைக்குக் கீழே போனார். வடக்குத் தூணில் ஓர் ஆணியை எதிர்ப்பக்கமிருந்து தட்டினார். அது பாதி வெளியே வந்ததும் துளையிலிருந்து ஒரு மூச்சு போல வெள்ளைக் குளிர் இறங்கியது. அதே நொடியில் வீட்டுக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. அத்தான் தச்சரைக் கூவி அழைத்தார். உள்ளே ஓடிப் பார்த்தால் அக்கா மகள் சுவரோரம் சரிந்து கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தச்சர் திரும்பி ஓடி ஆணியை ஒரே அடியில் உள்ளே இறக்கினார். அவள் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்து அந்த வீட்டின் நான்கு பேருடைய சூடும் அந்த மரத்துக்குள் இருக்கிறது, பிரித்தால் அதோடு போய்விடும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. பிரிக்கிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அவளைத் தாங்கிக்கொண்டுபோய் அடுப்போரம் உட்கார வைத்தார்கள். சற்று நேரத்தில் அவள் வயிற்றில் கை வைத்து, “மாமா, இங்க வந்தா அசையுது,” என்றாள். அன்று சாயங்காலமே அவள் கட்டில் கூரைக்குக் கீழே வந்தது. ஒரு வாரத்தில் அக்காவின் பாயும், முறைத்துக்கொண்டே அத்தானும், அவர் ரேடியோவும் வந்தன. பெண் குழந்தை பிறந்தது. தெர்மாமீட்டர் அதற்குச் சரியான கணக்குச் சொன்னது. மழைக்காலம் முடிவதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். கண்ணாடிகளில் உள்பக்கமாக வெள்ளை படிந்தது.

கூரைக்குக் குடிக்க அந்த வீட்டில் சூடு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபோது, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சுவரோரம் வந்து நின்றாள். இஸ்திரிப் பெட்டி சூடேற மாட்டேன் என்கிறதாம். சண்டைக்கு வந்தவள் போலத் தெரியவில்லை. “உங்க கூரையில ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா?” என்று மட்டும் கேட்டாள். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் சுவரை இடித்து, மேலும் நான்கு தூண் நட்டார். அடுத்த வருஷம் வாத்தியார் குடும்பம் வந்தது, பிறகு சலூன்காரர். பகலெல்லாம் கொட்டாப்புளிச் சத்தம் கேட்டபடி இருந்தது. ரொட்டி இன்னும் நன்றாக வந்தது. ஆறாவது வீட்டுக்காரர் பெட்டி படுக்கையோடு வந்து நின்ற காலையில் தச்சர் அளவு நாடாவை விரித்தார். அந்தப் பக்கத்தில் அதற்கடுத்த வீடு தச்சருடையது. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அளவை மட்டும் சற்றுத் தாராளமாக எடுத்துக்கொண்டார்.