நாற்பது நிமிட வேலை

ஒயரை மாற்ற நாற்பது நிமிடம் போதும். என் மனைவி கேட்டபோது அதை ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். அவள் போய் ஆறு மாதம் ஆகிறது.

அது அவளுடைய பழைய கம்ப்யூட்டர். மாமனார் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்தவர். கழித்துக்கட்டிய சாமான்களோடு கிடந்ததைக் கேட்டு வாங்கி, எட்டாம் வகுப்பு படித்த மகளுக்குத் தூக்கி வந்தார். கீபோர்டும் மெஷினும் ஒன்றே. டிவியில் மாட்ட வேண்டும். கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும். மின்சாரம் மட்டும் ஒரு தனிப் பெட்டி வழியாக வரும். செங்கல் கனம். அந்தப் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரின் தோல் வெடித்து, செம்பு தெரிந்தது.

"தொடாதே. ஞாயிற்றுக்கிழமை மாத்தித் தரேன்" என்றேன். அவள் தொடவில்லை.

அந்தக் கேசட்டில் அவள் பள்ளி நாட்களில் எழுதிய விளையாட்டு ஒன்று இருந்தது. யார் என்று கேட்கும். பெயரைக் கொடுத்தால் திட்டும். அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் ஒரு திட்டு வைத்திருந்தாள்.

"உன்னையும் சேக்கணும். திட்டு ரெடி. ஒயர்தான் ரெடி இல்ல."

"என்ன திட்டு?"

"ஓட்டினாத்தான் தெரியும். என்ஜினியரைக் கட்டிக்கிட்டேன், ஒயருக்கு ஆள் தேட வேண்டியிருக்கு."

நேற்று மாலை மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்குப் பதினொரு மணிக்கு வரேன். அந்த மெஷினை எடுத்துட்டுப் போறேன். நீங்க ஒயர் மாத்திக் கொடுத்த அன்னிக்கே உங்க பேரை அதுல சேத்துட்டேன்னு அவ எங்கிட்ட சொன்னா. என்ன எழுதினேன்னு கேட்டா வாயைத் திறக்கல. அதை ஒரு தடவை பாத்துடணும்."

"சரி மாமா" என்றேன்.

அவள் அப்பாவிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் பொய் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறும் என்னைக் கேட்டிருக்கிறாள்.

ஒரு திட்டம் போட்டேன். பதினொரு மணிக்குள் ஒயரை மாற்றிவிடுவது. விளையாட்டைத் திறந்து என் பெயரையும் அவள் திட்டுகளில் ஒன்றையும் நானே சேர்த்துவிடுவது. திட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவளே எழுதியதாக அவர் நினைத்துக்கொள்வார்.

ஒன்பது மணிக்கு எலெக்ட்ரிக் கடை திறந்தது.

"பிளக்கோட ஒயர் வேணும். மூணு கம்பி."

"எதுக்கு சார்?"

"பழைய கம்ப்யூட்டர்."

"வயசானது கம்ப்யூட்டருக்கா, ஒயருக்கா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப ஒயரை மட்டும் மாத்துங்க. அதுதான் கையில கிடைக்கும்" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

பெட்டியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி ஒரு தட்டில் போட்டேன். பழைய ஒயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. புதியதில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். எது எங்கே என்று காகிதத்தில் எழுதிக்கொண்டேன். பழையதை வெட்டினேன். புதிய முனைகளைச் சீவி, முறுக்கி, ஈயம் பற்றவைத்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்; இணைப்பு இருந்தால் அது சத்தம் போடும். எர்த் கம்பிக்கும் பெட்டியின் தகரத்துக்கும் இடையே சத்தம் வந்தது. மற்ற இரண்டுக்கும் தகரத்துக்கும் இடையே சத்தம் இல்லை. மணி பத்து இருபத்தைந்து. பெட்டியை மூட மூடியைக் கையில் எடுத்தேன்.

தட்டில் திருகாணிகளோடு ஒரு கறுப்பு ரப்பர் வளையம் கிடந்தது.

ஒயர் பெட்டிக்குள் நுழையும் துளையில் அது உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்துவிடும். பற்றவைக்கும் முன்பே அதை ஒயரில் கோத்திருக்க வேண்டும். மறுமுனையில் பிளக் இருக்கிறது, அந்தப் பக்கமாக நுழையாது. மூன்றையும் பிரித்து, கோத்து, மறுபடி பற்றவைக்க வேண்டும்.

முன்பு மேஜை விளக்குக்கும் இதையேதான் செய்தேன். "நூலைக் கோக்காமலே தைக்கற ஆளு நீ" என்றாள். அன்று இருவரும் சிரித்தோம்.

வளையம் இல்லாமலே மூடிவிடலாமா என்று யோசித்தேன். அவர் வீட்டில் ஓடப்போகும் பெட்டி. பிரித்தேன்.

இரண்டாவது கம்பியைப் பற்றவைக்கும்போது அழைப்பு மணி அடித்தது. மாமனார் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேஜைக்கு வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்தார். வெடித்த பழைய ஒயரைக் கையில் எடுத்தார்.

"இது அப்பவே மாத்தினதாச்சே?"

"இல்ல மாமா. இன்னிக்குத்தான்."

"அப்ப அவ ஓட்டவே இல்லையா?"

"இல்ல. தொடாதேன்னு சொன்னேன். நானும் மாத்தல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

எத்தனை வருடம் இதே வேலைகளைப் பார்த்தவர். அவருக்குத் தெரியும்.

"நாப்பது நிமிஷம்."

அவர் பழைய ஒயரைச் சுருட்டி மேஜையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரப்பரைக் கோத்தீங்களா?"

"இப்பத்தான்."

"முடிங்க."

முடித்தேன். டிவியில் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் திரை நீலமாகியது. கேசட் மூன்று நிமிடம் கிறீச்சிட்டது. பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: யாரு?

மாமனார் ஒரு விரலால் 'அப்பா' என்று அடித்தார்.

கண்ணாடி மூக்கு மேலதான் இருக்கு. வீட்டைப் புரட்டாதீங்க.

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உங்க பேரைப் போடுங்க" என்றார்.

"என் பேர் இருக்காது மாமா."

"தெரியும். போடுங்க."

அடித்தேன். தெரியாதவர்களுக்கென்று அவள் எட்டாம் வகுப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். வாசலுக்கு வருகிறவர்களிடம் சொல்ல வீட்டில் கற்றுக்கொடுத்த பதிலாக இருக்கும்.

யாரு நீங்க? அப்பா வீட்ல இல்ல. அப்புறம் வாங்க.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு மெஷினை அணைத்து, அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் வைத்தேன். ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. வேலை சரியாகத்தான் நடந்திருக்கிறது.