முன்னால் போகும் குரல்

கீழ் வீட்டு ஆர்யா வந்து கதவைத் தட்டிய அன்றுதான், தன் வயலின் இன்னொருவருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது திவ்யலட்சுமிக்குத் தெரிந்தது.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ சேச்சி. நேக்கு நைட் ஷிஃப்ட். பகல்லதான் உறங்கணும். கண்ணை மூடினா மேலேர்ந்து வயலின் வந்துடறது."

ஆர்யா கரமனை அக்ரஹாரத்துப் பெண். கழக்கூட்டத்தில் ஒரு கால் சென்டரில் வேலை. விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் கத்துகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விடியும்வரை பதில் சொல்லிவிட்டு வருகிறவள். அவள் கண்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனால் திவ்யலட்சுமியாலும் நிறுத்த முடியாது. கல்யாணத்துக்கு முன் நாகர்கோவிலில் விட்ட வயலினை மறுபடி எடுத்து, நவராத்திரிக்குக் கோவிலில் வாசிக்கவும் ஒத்துக்கொண்டிருந்தாள்.

வழி கண்டுபிடித்தவன் அவள் கணவன் உமாசங்கர். சிநேகிதன் ஒருவனிடம் சும்மா கிடந்த எலெக்ட்ரிக் வயலினை வாங்கி வந்தான். நேரே கேட்டால் கொசு ரீங்காரம் போல மெல்லிய சத்தம்தான் வரும். அதோடு ஒரு ஸ்டுடியோ ஹெட்ஃபோன், கிடைத்ததிலேயே மலிவானது. காதை முழுக்க மூடும் பஞ்சு வளையம், நீளமான சுருள் ஒயர்.

"பாட்டு கேக்கதுக்கு உள்ளது இல்ல இது, கேட்டியா. எதையும் அழகுபடுத்தாது. நீ வாசிச்சது அப்படியே கேக்கும்," என்றான்.

அப்படியேதான் கேட்டது. வில் உரசும் கரகரப்பு, மயிரிழை விலகிய சுருதி, விரல் சறுக்கிய இடம் எல்லாம் காதுக்குள் வந்து குத்தின. முதலில் அழுகை வந்தது. போகப்போகக் கை திருந்தியது.

இடவப்பாதி என்கிற ஜூன் மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், மோகனம் வாசித்துக்கொண்டிருந்தபோது முதலில் அந்த முனகலைக் கேட்டாள். பெண் குரல். வாயை மூடிக்கொண்டு, வேலை செய்துகொண்டே பாடுகிறவள் போல. தன்னையறியாமல் தானே பாடுகிறோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். குரல் நிற்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினாள், ஜன்னலில் மழை மட்டும்.

ஒயரை மாற்றிப் பார்த்தாள். செல்ஃபோனை அணைத்து வேறு அறையில் வைத்தாள். குரல் இருந்தது. அதைவிட மோசமான ஒன்று பிறகுதான் உறைத்தது. அது அவளோடு சேர்ந்து பாடவில்லை. ஒரு சுரம் முன்னால் பாடியது. அவள் பஞ்சமத்தில் நிற்கும்போது அது காந்தாரத்துக்கு இறங்கியிருக்கும். அடுத்த கணம் அவள் விரலும் காந்தாரத்துக்குப் போகும். ஏமாற்றிப் பார்ப்போம் என்று, காந்தாரத்துக்குப் போவது போலப் போய்க் கடைசி நொடியில் தைவதத்துக்குத் தாவினாள். குரல் அதற்கு முன்பே தைவதத்தில் இருந்தது.

வில்லைக் கீழே வைத்தாள்.

மாலையில் உமாசங்கர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவளை வாசிக்கச் சொன்னான். "வயலின்தான் கேக்கு. நல்லாத்தான் வாசிக்க. ஒறக்கம் போதல பிள்ளே உனக்கு," என்றான். ஆனாலும் மனசு கேட்காமல் கம்பெனிக்கு எழுதி வேறு ஹெட்ஃபோன் வரவழைத்தான். புதுப் பெட்டியை உடைத்து மாட்டிய முதல் நிமிஷத்திலேயே அந்தக் குரல்காரி அதில் காத்திருந்தாள்.

ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கையில் குரல் சட்டென்று நின்றது. திவ்யலட்சுமி திகைப்பதற்குள் கரண்ட் போயிற்று. இன்னொரு நாள் குரல் நின்றது. அடுத்த வில் இழுப்பில் மேல் தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. அதற்குப் பிறகு அந்தக் குரலுக்கு அவள் பயப்படவில்லை. அது நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

ஆவணியில் அது மறுபடி நின்றது. பாதி சஞ்சாரத்தில், ரிஷபத்துக்குப் போக வேண்டிய இடத்தில். திவ்யலட்சுமி வில்லைத் தூக்கியபடி காத்திருந்தாள். கரண்ட் போகவில்லை. தந்தி அறுந்துபோகவில்லை. உமாசங்கருக்கு ஃபோன் செய்தாள், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்குச் செய்தாள், அம்மா சௌக்கியமாக இருந்தாள், ஃபோன் எடுக்கத் தாமதமானதற்குக் காரணம் சொன்னாள். அடுத்த சுரம் ஏன் இல்லை? தன் கையே இனி வாசிக்கப் போவதில்லையா? நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பஞ்சு வளையத்துக்குள் முட்டியது.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ரிஷபத்தை இழுத்தாள். கரகரவென்று, சுருதி சேராமல் வந்தது. ஆனால் வந்தது. பிறகு அவள் எவ்வளவு வாசித்தும் அந்தக் குரல் திரும்பவில்லை.

மறுநாள் ஆர்யா மேலே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை சேச்சி. நேத்து ராத்திரிலேர்ந்து என் ஹெட்செட்ல ஒருத்தி பேசறா. நான் சொல்லப்போறதை நேக்கு முன்னாடியே சொல்லிடறா. 'சாரி சார்'னு வாயெடுக்கறேன், அவ முடிச்சுட்டா."

திவ்யலட்சுமி அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்யா ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டாள்.

"அது நின்னா என்ன பண்ணணும்?"

"அடுத்த வார்த்தைய நீயே சொல்லிரு. என்னவானாலும் சரி, சும்மா இருந்துராத."

"எந்த வார்த்தைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எனக்கும் தெரியல்ல."

அடுத்த வாரம் ஆர்யா சிரித்துக்கொண்டு வந்தாள். கத்திக்கொண்டிருந்த ஆளுக்குப் பதில் சொல்லும்போது குரல் நின்றுபோனதாம். பயத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், "நேக்கு உறக்கம் வரது" என்று தமிழில் சொல்லிவிட்டாளாம். அந்த ஆளும் ஏனோ தணிந்துபோய் நன்றி சொல்லி வைத்துவிட்டான். அதன் பிறகு ஹெட்செட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு பகல் முழுக்க அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாளாம்.

"ஆனா சேச்சி, பக்கத்து சீட் ஜானவி நேத்து ஹெட்செட்டைக் கழட்டிக் கழட்டிப் பாத்துண்டே இருந்தா. இன்னிக்கு வீட்லேர்ந்தே வேலை பண்றேன்னுட்டா."

திவ்யலட்சுமி ஆர்யாவின் ஃபோனை எடுத்து நீட்டினாள். "அந்தப் பிள்ளைக்க நம்பர் இருக்கா? போடு."

ஜானவி மூன்றாவது மணியில் எடுத்தாள். ஆர்யா விஷயத்தைத் தொடங்காமலே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"ஜானவி, நான் ஆர்யாவுக்க மேல் வீட்டுல இருக்கேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நின்னா, அடுத்த வார்த்தைய நானே சொல்லிரணும். அதானே?"

திவ்யலட்சுமியும் ஆர்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கு யார் சொன்னா?" என்றாள் திவ்யலட்சுமி.

மறுமுனையில் ஜானவி அழத் தொடங்கியிருந்தாள். "காதுல ஹெட்செட் இருக்கு. அதுக்குள்ள பேசறவ இப்போதான் சொன்னா. நீங்க ஃபோன் பண்றதுக்கு முன்னாடி."