மூன்றாம் வகுப்பின் குறுக்கு விசாரணை

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியலைத் தனியொருவராகச் சுமந்து வந்த அந்த ஆசிரியருக்குப் பிள்ளைகள் சூட்டிய பெயர் கி.மு. சார். "ஜன்னலைச் சாத்தட்டுமா சார்?" என்று கேட்டால்கூட, மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்துதான் அவர் விடையைத் தொடங்குவார்.

அவருடைய வேலை தற்காலிகமானது. அடுத்த ஆண்டு அதுவும் நிலைக்குமா என்பது ஐயமாகியிருந்தது. "சோஷியல்தானே, யாரு வேணாலும் நடத்தலாம்" என்பது தலைமையாசிரியையின் உறுதியான கருத்து. தம்முடன் ஒரே பெஞ்சில் படித்த தோழியான கணக்கு டீச்சரின் தலையிலேயே அந்தப் பீரியட்களையும் கட்டிவிட அவர் எண்ணியிருந்தார். இருந்தாலும் நியாயம் பார்க்கிறவர். வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்பில் ஒரு பாடத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அறிவித்திருந்தார்.

வினை புதன்கிழமையே விளைந்துவிட்டது. ஸ்டாஃப் ரூம் மேசையில் மூன்றாம் வகுப்புக்கான சார்ட்டும் எட்டாம் வகுப்புக்கான சார்ட்டும் ஒன்றுபோலச் சுருட்டிக் கிடந்தன. வாசற்படியைத் தாண்டும் முன்பே பாடத்தைத் தொடங்கிவிடுவது கி.மு. சாரின் வழக்கம். அன்றும் கைக்கு வந்த சார்ட்டை எடுத்துக்கொண்டு அப்படியே தொடங்கினார். வரலாற்றுக்குச் சான்று வேண்டும். நேரில் கண்டவர் சொல்வது ஒரு வகை, கேட்டுச் சொல்வது மற்றொரு வகை. தன் பெருமையைத் தானே கல்லில் வெட்டிக்கொண்ட அரசனை அப்படியே நம்பிவிடக் கூடாது. பாதி வழியில்தான் பெஞ்சுகளிலிருந்து தொங்கிய கால்களைக் கவனித்தார். ஒரு காலும் தரையைத் தொடவில்லை. எட்டாம் வகுப்புப் பாடத்தை மூன்றாம் வகுப்பில் அவிழ்த்துவிட்டிருக்கிறோம் என்பது உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய ஆசிரிய வாழ்வில் ஒரு வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்து கேட்டது அதுவே முதல் முறை. சபலம் யாரை விட்டது? முழுவதையும் நடத்தி முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தகப்பனார் தலைமையாசிரியையின் அறையில் கொதித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் 'வக்கீல்' என்று பெயரெடுத்த சிறுமியின் அப்பா அவர்.

"நான் படிக்கிற காலத்துல கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டுன்னு எம் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தேன் மேடம். 'யாருப்பா பாத்தா?'ன்னு கேக்குறா! கேட்டதோட விடல. போன் போட்டு அவ அத்தைய விசாரிச்சிருக்கா."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"என் அக்காவாச்சே, விட்டுக்கொடுப்பாளா? 'உங்கப்பன் ஃபர்ஸ்ட் வந்தது ஓட்டத்துல மட்டும்தான், அதுவும் நாய் தொரத்துச்சு'ன்னு சொல்லிட்டா. ரெண்டு நாளா வீட்டுல சோறு போடும்போதெல்லாம் சிரிக்கிறாங்க மேடம்!"

தலைமையாசிரியை, ஆளனுப்பி வரவழைத்திருந்த கி.மு. சாரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தகப்பனாரிடம், "நீங்களும் வந்து உக்காருங்க. என்னதான் நடக்குதுன்னு பாப்போம்" என்றார்.

இருவரும் கடைசிப் பெஞ்சில் அமர்ந்தனர். தகப்பனாரின் முழங்கால்கள் மோவாயை இடித்தன. கி.மு. சார் இம்முறை சரியான சார்ட்டைத்தான் விரித்தார்: 'விதிகள் ஏன் தேவை?' பாடம் ஒழுங்காகவே நடந்தது. நேரத்துக்கு வருவதும் ஒரு விதி என்று அவர் சொன்ன இடத்தில், கை கொடுக்கிற எண்ணத்துடன் தலைமையாசிரியை எழுந்தார்.

"சார் சொல்றது கரெக்ட். நான் உங்க வயசுல ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல, தெரியுமா?"

வக்கீல் எழுந்து நின்றாள். "அத யாரு பாத்தா மேடம்?"

கி.மு. சாரின் கையில் சாக்பீஸ் ஒடிந்தது.

"நான்தான் சொல்றேனேம்மா."

"உங்களப் பத்தி நீங்களே சொன்னா அதை மட்டும் நம்பக் கூடாது. ராஜா கல்லுல எழுதிக்கிட்ட மாதிரி ஆயிடும். கூட இருந்தவங்களக் கேக்கணும்."

"கணக்கு டீச்சர் கூடப் படிச்சாங்கல்ல!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது. யாரும் தடுப்பதற்குள் இரண்டு சிறுமிகள் பக்கத்து வகுப்புக்கு ஓடி, சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்த கணக்கு டீச்சரை இழுத்து வந்துவிட்டார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் கணக்கு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "இவளா? பாதி நாள் கிளாஸ் வாசல்லதான் நிப்பா!"

"ஏய், சும்மா இருடி!"

வக்கீல் விடவில்லை. "டீச்சர், அப்ப நீங்க எங்க இருந்து பாத்தீங்க?"

"நானா? நான் பக்கத்துலதான்..." என்று தொடங்கிய கணக்கு டீச்சர், சொல்லி முடிக்காமலே நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பு கூரை அதிரக் கூச்சலிட்டது.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் தகப்பனார்தான். தமக்கு நேர்ந்தது ஊருக்கே நேர்கிறது என்று கண்டபின் அவருடைய துயரம் போன இடம் தெரியவில்லை. "மேடம், என் கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிக்கிறேன். இந்த சார் இருக்கட்டும்!"

"நீ சார இருக்கச் சொல்லு, சொல்லாமப் போ" என்று கணக்கு டீச்சர் தோழியின் பக்கம் திரும்பினார். "இந்த சோஷியல் எனக்கு ஆகாதுடி. கணக்குல விடைய எழுதிப் போட்டா புள்ளைங்க வாய மூடிட்டு உக்காரும். இதுங்க என் ஜாதகத்தையே எடுத்துரும்."

தலைமையாசிரியை மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று தாம் எண்ணியிருந்த பாடத்தை நடத்த, கைக்கெட்டிய தூரத்தில் இப்போது ஒருவர்தான் மிஞ்சியிருந்தார்.

"அடுத்த வருஷமும் நீங்களே எடுங்க சார்" என்றார். கி.மு. சார் மூச்சை விடுவதற்குள், "ஆனா, பெற்றோர் கூட்டம் வருதில்ல? மேடையில நீங்க ஒருத்தர்தான் உக்காரப்போறீங்க. வீட்டுக்கு வீடு என்னென்ன வெளிய வந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

"சொல்றேன் மேடம்" என்றார் கி.மு. சார். வேலை நிலைத்ததில் அவருக்கு அப்போது அச்சமே தோன்றவில்லை.

"பயப்படாதீங்க சார்" என்று பெஞ்சிலிருந்து முழங்கால்களை ஒவ்வொன்றாக விடுவித்தபடி சொன்னார் தகப்பனார். "நான் முன்வரிசையில இருப்பேன். மத்தவங்க வீட்டுக் கதையெல்லாம் எனக்கும் கேக்கணும்."