சூப் வைத்த ஆள்

சூப் வைப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. சின்னக் குழந்தைகளைக் குடிக்க வைப்பதுதான் மலையைப் புரட்டும் வேலை. என் வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஏழு வயது. எதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். சின்னவளுக்கு நாலு. அவளுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். எந்த ரகசியமும் அவள் வாயில் ஒரு நிமிஷம் தங்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பதினாலு வருஷம் அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்தவன். அதே மாதம் என் மனைவிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்தது. குழந்தைகளோடு ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. துணி வெட்டிய கைக்குக் கேரட் வெட்ட வராதா என்ன?

வந்தது. ஆனால் முதல் மாதம் வைத்த சூப்பெல்லாம் நேராகச் சாக்கடைக்குத்தான் போனது. கெட்டியாக வரட்டுமே என்று மாவு கரைத்து ஊற்றினேன். பெரியவள் கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, இத வெச்சு போஸ்டர் ஒட்டலாம்" என்றாள். அப்புறம்தான் வழி பிடிபட்டது. பூசணி, கேரட், ஒரு வெங்காயம், தோலோடு நாலு பல் பூண்டு, ஒரு கைப்பிடி அரிசி. எல்லாவற்றையும் குக்கரில் போட்டு இரண்டு விசில். ஆறியதும் பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கிப் போட்டு, மிக்ஸியில் ஓட்டி, வடிகட்டி, மறுபடி ஒரு கொதி. மாவும் வேண்டாம், க்ரீமும் வேண்டாம். அந்த அரிசியே வழவழப்பைக் கொடுத்துவிடும். மேலே மிதக்க விடுவதற்கு ரொட்டியைக் குட்டிச் சட்டைகளாக வெட்டிக் கல்லில் வாட்டினேன். காலர் யாருக்கு, கை யாருக்கு என்று இரண்டும் அடித்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தன. பூசணி போய்த் தக்காளி வந்தது, உருளைக்கிழங்கும் பட்டாணியும் வந்தன, கோழி வேகவைத்த தண்ணீரும் வந்தது. ஒரு சொட்டு மிஞ்சியதில்லை. உண்மையைச் சொன்னால், தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஆயிரம் சட்டை வெட்டியபோதுகூட நான் இவ்வளவு திமிராக நடந்ததில்லை.

மனைவி தினமும் ஒரு ஃப்ளாஸ்க் ஆபீஸுக்குக் கொண்டு போவாள். அங்கேயும் என் சூப்பைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்களாம். ஒருநாள் சாயங்காலம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நான் செஞ்சதுன்னு சொல்லிட்டேங்க. கோபமா?"

சுருக்கென்றுதான் இருந்தது. "இதுக்கெல்லாமா கோபப்படுவாங்க?" என்று சிரித்துவிட்டேன். அவளுக்கு நல்ல பெயர் கிடைத்தால் எனக்கென்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

போன வாரம் அவளுடைய மேனேஜர் அம்மா, சூப் வைப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய பேரன் எதையுமே சாப்பிட மாட்டானாம். கூட இன்னும் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார்கள்.

"பொம்பளைங்க மட்டும்தாங்க. நீங்க இருந்தா அவங்க கூச்சப்படுவாங்க. ஏதாவது படம் பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவள் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் தயார் செய்தேன். காய்களை வெட்டித் தட்டில் பரப்பினேன், அரிசியை அளந்து கிண்ணத்தில் வைத்தேன், ரொட்டிச் சட்டைகளை வாட்டி டப்பாவில் போட்டேன். எதற்குப் பிறகு எது என்று எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். குக்கர் இரண்டு நாளாக ஓரத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காலையிலேயே பழைய வாஷரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், "அவங்க கீழ வந்துட்டாங்க, நீங்க பின் படி வழியா போயிடுங்க" என்று மனைவி என்னை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோது தொடையில் ஏதோ உறுத்தியது. பேண்ட் பையில் கையை விட்டேன். எட்டுப் போல முறுக்கித் திணித்த புது வாஷர்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாஷர் இல்லாத குக்கரை அடுப்பில் ஏற்றினால் மூடியைச் சுற்றிக் கொதிநீர் பீய்ச்சி அடிக்கும். பட்டாசு எப்போதும் அடுப்புப் பக்கம்தான் முக்காலி போட்டு நிற்பாள். மனைவிக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் கட் செய்தாள். நாலு தெருவையும் மூன்று மாடியையும் ஓடியே கடந்தேன்.

எங்கள் முன்னறை ஜன்னல் நடைபாதைப் பக்கம் திறந்திருக்கும். மூச்சு வாங்க நின்றபோது உள்ளே பேச்சு கேட்டது. மேனேஜர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

"ரொட்டியில சட்டையா! அம்மாவா வெட்டினாங்க? அவ்வளவு பொறுமையா உங்கம்மாவுக்கு?"

"ஆமா, அம்மாதான்" என்றாள் பெரியவள்.

நான் சிரித்துக்கொண்டேன். இப்போது பட்டாசு வெடிக்கும் பார், என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா எங்க கண்ணு?"

"அப்பா வெளியூர்ல வேலை பாக்குறாங்க" என்றாள் பட்டாசு. ஒரு தடங்கல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. "பெரிய கம்பெனி. லீவு கிடைச்சாதான் வருவாங்க."

"பாவம், அப்பாவத் தேடுமே குழந்தைக்கு?"

"பழகிடுச்சு ஆன்ட்டி."

இது இன்றைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை. பல தடவை சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய பாடம். அப்படியே இறங்கிப் போயிருப்பேன். குக்கரை அடுப்பில் ஏற்றியிருப்பார்களோ என்ற பயம் விடவில்லை. மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது மேனேஜர் அம்மா. வேர்த்து, சட்டை ஒட்டி, கையில் ஒரு ரப்பர் வளையத்தோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு?"

அவருக்குப் பின்னால் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். வாஷரைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"குக்கர் ரிப்பேர் பண்றவர் மேடம். வாஷர் மாத்தச் சொல்லியிருந்தேன்."

பட்டாசு அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். எப்போதும் அப்படித்தான் ஓடி வந்து என் முட்டியைக் கட்டிக்கொள்வாள். பாதியில் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"குக்கர் அங்க இருக்கு அங்கிள்" என்று சமையலறையைக் காட்டினாள்.

என் சமையலறைக்கு எனக்கே வழி காட்டினாள். நான் உள்ளே போனேன். கூட வந்த மேனேஜர் அம்மா, "கையக் கழுவிட்டுத் தொடுப்பா, குழந்தைங்க சாப்பிடுறது" என்றார். கழுவினேன். குக்கர் இன்னும் அடுப்பில் ஏறவில்லை. மூடி ஏன் ஆடுகிறதென்று தெரியாமல் மூன்று பேரும் அதைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். வாஷரை மாட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் காய் எல்லாம் இருந்தது. அரிசி மட்டும் கிண்ணத்திலேயே கிடந்தது.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

"அரிசி போடலையாம்மா?" என்றேன் என் மனைவியிடம்.

அவள் தலை குனிந்தபடியே கிண்ணத்தை எடுத்துக் கொட்டினாள். மூடியை நானே போட்டேன். "ரெண்டு விசிலுக்கு மேல விடாதீங்க."

"பரவால்லையே, இவருக்குச் சமையல்கூடத் தெரியும் போலிருக்கே!" என்றார் மேனேஜர் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். மற்றதையெல்லாம்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ, அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி வரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது மிச்சமிருந்த சூப்பைக் குழந்தைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேட்டாங்க. வெளியூர்ல இருக்காருன்னு வாயில வந்துடுச்சுங்க. அப்புறம் அத எப்படி மாத்துறது?"

"வீட்ல இருக்காரு, குழந்தைங்களப் பாத்துக்கறாருன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன ஜெயில்லயா இருந்தேன்?"

"உங்களக் கேவலமா பேசுவாங்கன்னு..."

"என்னையா, உன்னையா?"

அவள் கரண்டியை எடுத்துச் சூப்பைக் கிளறினாள்.

"சரி, நீ பொய் சொன்ன. இதுங்களுக்கு எதுக்குச் சொல்லிக்கொடுத்த?"

"போன வருஷம் ஆபீஸ் பிக்னிக்குக்கு முன்னாடி. அங்க போய் ஒளறிடுவாங்கன்னு பயம்..."

அந்தப் பிக்னிக் எனக்கு நன்றாக நினைவிருந்தது. புருஷன்மார்களைக் கூப்பிடவில்லை, குழந்தைகளை மட்டும்தான் என்றாள். நம்பினேன். இரண்டு பேருக்கும் தலை வாரி, கிண்ணமும் கரண்டியும் எடுத்து வைத்து, பெரிய ஃப்ளாஸ்க்கில் தக்காளி சூப் ஊற்றி, வாசலில் நின்று கையாட்டி அனுப்பினேன். வழி முழுக்க என்னை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டே போயிருக்கிறாள். துரோகம் என்பது பெரிய மனிதர்கள் செய்கிற பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். என் அடுப்படியிலேயே, நான் வைத்த சூப்பை ஊற்றிக்கொடுத்தே நடந்திருக்கிறது.

மேலே கத்துவதற்குத் தெம்பில்லை. பெரியவள் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. பட்டாசுக்கு எதுவும் புரிந்த மாதிரி தெரியவில்லை. உதட்டின் மேல் மஞ்சள் மீசையோடு, மிதந்த ரொட்டிச் சட்டையைக் கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயைத் துடைத்துவிட்டேன். கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, விளையாட்டுக்குக் கேட்பது போலக் கேட்டேன்.

"பட்டாசு, நான் யாரு?"

அவள் கரண்டியை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.