பெட்டி பார்க்க வந்த யாகோப்பு

இணுவில் அருளம்பலத்தின் வீட்டுத் துவக்கு, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாண இடம்பெயர்விலிருந்து எதிலும் முட்டுவதில்லை. மேசையில் வைத்தால் மேசைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கும், பாயில் வைத்தால் பாய்க்கு மேலே. இங்கிலீசுக்காரன் காலத்துத் துப்பாக்கி, வெடிக்காது. ஊர் திரும்பிய வருடம் ஆமிக்காரரின் தேடுதலுக்குப் பயந்து அதைக் கிணற்றில் போட்டார். அது தண்ணீரில் படாமல் நாலு விரல் மேலே நின்றது. வந்தவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீருக்குள் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

துவக்கோடு இங்கிலாந்திலிருந்து வந்த பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு முழ நீளம், உள்ளே துவக்கின் உருவத்துக்கே வெட்டிய பள்ளம், அதற்குச் சிவப்பு வெல்வெற். தகப்பன் சொத்துப் பிரித்தபோது துவக்கு அருளம்பலத்துக்கும், பெட்டி நகை வைக்கவென்று தங்கை செல்வநாயகிக்கும் போனது. அவள் உடுவிலில் கல்யாணம் கட்டியவள். இடம்பெயர்ந்து திரும்பியதும், பெட்டிக்குள் வைத்தாலாவது துவக்குப் படுக்குமோ என்று அருளம்பலம் அங்கே போனார். பெட்டியைப் பார்த்தவுடனே, "உது எங்கடை பெட்டியில்லை. அதை வித்துப்போட்டு வேறை செய்து வைச்சிருக்கிறாய்" என்றார். "உதுதான் ஒறிஜினல்" என்று அவள் கதவைச் சாத்தினாள். அதோடு இருபத்தெட்டு வருடம் இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

போன வருடம் செல்வநாயகியின் மகள் ஆரணிக்குக் கல்யாணம் பொருந்தியது. மாமா வராமல் மணவறையில் ஏறமாட்டேன் என்று அவள் நின்றாள். பெட்டி ஒறிஜினல் என்றால் மாமா மன்னிப்புக் கேட்கட்டும், இல்லையென்றால் அம்மா கேட்கட்டும் என்பது அவள் கணக்கு. மரம் பார்த்துச் சொல்லக் குருநகர் யாகோப்புவைப் பிடித்தாள். அவருக்குச் சவப்பெட்டி செய்வது தொழில், பழைய மரச்சாமான் எதுவென்றாலும் காலம் சொல்லுவார். பிறகு மாமாவுக்குப் போன் எடுத்து, "அம்மாவின்ரை பெட்டி பாக்க நாளைக்குக் காலமை குருநகர் யாகோப்பு வாறார், வாங்கோ மாமா" என்றாள். அருளம்பலத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் அவருக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. அம்மாவின் பெட்டி, குருநகர் யாகோப்பு. வேறு எப்படி விளங்கும்?

அடுத்த நாள் விடிய அவர் சைக்கிளில் வெளிக்கிட்டார். துவக்கையும் தங்கையோடேயே அனுப்பிவிடுவோம் என்று நினைத்து, கயிற்றால் காண்டில் பிடியில் கட்டிக்கொண்டார். அது கூடவே மிதந்து வந்தது. உடுவில் வீட்டுப் படலையிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு, "என்ரை தங்கச்சி, என்னை விட்டிட்டுப் போட்டியே!" என்று குழறினார். செல்வநாயகி தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு குசினியால் வந்தாள்.

"ஆர் அண்ணை செத்தது?"

"நீதான்."

"எப்ப?"

யாகோப்பு பெட்டியைக் கவிழ்த்து வைத்தபடி நிமிர்ந்தார். "ஐயா, நான் இண்டைக்கு ஆளுக்கு அளவெடுக்க வரேல்லை, மரம் பாக்க வந்தனான்."

எல்லோரும் ஒருமுறை சிரித்து ஓய்ந்த பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். "உது ஒறிஜினல் இல்லை. மரம் பூவரசு, வெள்ளைக்காரன் தன்ரை ஊரிலை பூவரசுக்கு எங்கை போறது? துவக்குக் கிடந்திருந்தால் எண்ணெய் ஊறியிருக்கும், வெல்வெற்றிலை தழும்பு இருக்கும். உதிலை ஒண்டும் கிடக்கேல்லை. பள்ளமும் வலம் இடம் மாறிக் கிடக்கு. சாமான் கையிலை இல்லாமல் ஞாபகத்திலை வெட்டுவிச்சிருக்கு."

ஆரணி தாயைப் பார்த்தாள். செல்வநாயகி நிலத்தில் குந்தினாள்.

"ஓம், நான்தான் செய்விச்சனான். பெட்டி தந்த அப்பு கேட்டால் என்ன சொல்லுறது? இடம்பெயர்ந்து கைதடியிலை நிக்கேக்கை பிள்ளை செத்துப்போனான், அண்ணை. நாப்பது நாள் பிள்ளை. நல்ல மழை. வெறும் மண்ணிலை வைக்க மனம் வரேல்லை."

மூத்த பிள்ளை வழியில் தவறியது அருளம்பலத்துக்குத் தெரியும். கைக்குழந்தையை எரிப்பதில்லை, மண்ணில் தாட்டிருப்பார்கள் என்றும் தெரியும். எதற்குள் வைத்துத் தாட்டார்கள் என்று இருபத்தெட்டு வருடமாக அவர் கேட்கவில்லை. "என்னட்டைச் சொல்லியிருக்கலாமெல்லே" என்றார். "நீ கேட்டது வித்தனியோ எண்டு" என்றாள் அவள். அருளம்பலம் எழும்பிப் போய்த் துவக்கை அவிழ்த்துக்கொண்டு வந்து, அந்தப் பூவரசம் பெட்டிக்குள் இரண்டு கையாலும் வைத்தார். அது படுக்கவில்லை. நாலு விரல் மேலே நின்றது, மூடி மூடவில்லை. யாகோப்பு அளவு நாடாவை எடுத்தார். "மூடியை உயத்தித் தாறன், வெள்ளிக்கிழமை வந்து எடுங்கோ."

ஆரணியின் கல்யாணத்தில் அருளம்பலம் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார். துவக்கு இப்போது உடுவிலில், உயர்த்திய மூடிக்குள் நிற்கிறது. இடைக்கிடை கொழும்பிலிருந்து பழைய சாமான் வாங்குகிறவர்கள் வருவார்கள். துவக்கு மிதப்பதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, ஒறிஜினல் பெட்டி எங்கே என்றுதான் கேட்பார்கள்.

"அது கைதடியிலை" என்பார் அருளம்பலம். "எடுக்கேலாது. என்ரை மருமோன் படுத்திருக்கிறான்."